கடன் தீர்ந்தது; கண்காணிப்பு தீரவில்லை

நான்கைந்து நாள்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் என் காரின் பேட்டரி இறங்கிவிடும். புதிய பேட்டரி மாற்றியும் பயனில்லை. சென்ற ஆண்டின் மழைக்காலத்தில், வாணியம்பாடி நியூடவுனில் வழக்கமாகச் செல்லும் பட்டறையில் வண்டியை விட்டேன். சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்ன மெக்கானிக், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தவர், கறுப்பு டேப் சுற்றப்பட்ட ஒரு சிறு பெட்டியை வயரோடு வெளியே இழுத்துக் காட்டினார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. "சார், இது கம்பெனி வயரிங் இல்ல. ஜிபிஎஸ். உள்ள சிம் இருக்கு. நீங்க எங்க போறீங்கன்னு யாரோ பாத்துட்டு இருக்காங்க" என்றார்.

அந்த வண்டியை நான் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்டோ கன்சல்டிங் நடத்தும் ஒருவர் மூலமாக வந்த பழைய வண்டி. எனக்கு முந்தைய உரிமையாளர் கடனில் வாங்கி, கடனை முழுமையாக அடைத்திருந்தார். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இருந்தது, படிவம் 35 இருந்தது, ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. ரத்து செய்யப்பட்டிருந்தது, படிவம் 29, 30 எல்லாம் முறைப்படி கையெழுத்தாகி என் பெயருக்கு மாற்றமும் நடந்தது. அத்தனை தாள்களிலும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விற்றுக் கொடுத்தவரைக் கேட்டேன். "பைனான்ஸ்காரங்க மாட்டினதா இருக்கும் சார், எடுக்க மறந்திருப்பாங்க" என்றார். கடன் கொடுத்த நிறுவனமோ, அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டது. கணக்கு முடிந்தது உண்மைதான். சிம் மட்டும் முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் நடத்தியவன் நான். ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பாடமாக நடத்தாத ஆண்டில்லை. பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது; அந்தத் தகவல் ஏற்றத்தாழ்வே சந்தையைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளில் அதுவே முதன்மையானது. பாடத்தில் நான் சொன்ன உதாரணங்கள் எல்லாம் என்ஜின் கோளாறும் ஓடோமீட்டர் திருத்தமுமாகவே இருந்தன. வண்டி தன் புதிய உரிமையாளரைப் பற்றிப் பழைய கடன்காரருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்கட்டும்.

கடன் கொடுப்போர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டை அடமானம் வைத்தால் வீடு அங்கேயே இருக்கும். வண்டியை அடமானம் வைத்தால் அது இரவோடு இரவாக மாநில எல்லையைக் கடந்துவிடும். வருமானச் சான்றோ கடன் வரலாறோ இல்லாத ஒருவருக்கு, சரக்கு ஆட்டோ வாங்கிப் பிழைக்க நினைக்கும் தோல் மண்டித் தொழிலாளிக்கு, கடன் கிடைப்பதே இந்தக் கருவியின் தைரியத்தில்தான் என்றால் அதில் சமூகப் பயன் உண்டு. தவணை தவறிய வண்டியைப் பறிக்க அடியாள்களை அனுப்பும் வழக்கத்தை 2007இல் உச்சநீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது. அதோடு ஒப்பிட்டால், வண்டி இருக்குமிடத்தைத் தெரிந்துகொண்டு சட்டப்படி நோட்டீஸ் அனுப்புவது மேலானதுதான். ஆனால், அந்த நியாயத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கருவி இருக்கிறது என்பது கடன் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் தீரும் நாளில் அதன் வேலையும் தீர வேண்டும். என் வண்டியில் இரண்டாவது எல்லை மீறப்பட்டிருக்கிறது. முதலாவது மீறப்பட்டதா என்பது, நான் சந்தித்திராத அந்த முதல் உரிமையாளருக்குத்தான் தெரியும்.

"உங்களைப் பின்தொடர்ந்து யாருக்கு என்ன லாபம்? ஓய்வுபெற்ற வாத்தியார்தானே" என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, அந்த இரண்டு ஆண்டுகளில் நான் போன இடங்களை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். வேலூரில் எந்த மருத்துவமனையின் எந்த வாசலில், எத்தனை நாள்களுக்கு ஒருமுறை வண்டி நின்றது என்பதிலிருந்து என் மனைவியின் நோய் தெரிந்துவிடும். ஆம்பூரில் யார் வீட்டில் இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தேன் என்பதிலிருந்து நட்பும் அரசியலும் தெரிந்துவிடும். எந்த வங்கிக் கிளை, எந்த வழக்கறிஞர், எந்த மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்கும் என எல்லாம் அதில் அடக்கம். பெயர் எதுவும் வேண்டாம். இடமும் நேரமும் சேர்ந்தாலே ஒரு மனிதனின் வாழ்க்கை எழுதப்பட்டுவிடுகிறது.

எனக்கு நேர்ந்தது கவனக்குறைவாக இருக்கலாம். வேண்டுமென்றே செய்யப்படுவதும் உண்டு. இந்தச் செய்தி காதில் விழுந்து என் பழைய மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர்; கணவரைப் பிரிந்து தாய் வீட்டில் இருக்கிறார். அவர் எங்கு சென்றாலும், சென்ற சிறிது நேரத்துக்கெல்லாம் கணவரிடமிருந்து அந்த இடத்தின் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வரும். உடன் வேலை செய்பவர்களில் யாரோ சொல்கிறார்கள் என்று அவர் ஒவ்வொருவராகச் சந்தேகித்து, கடைசியில் யாரிடமும் பேசாமல் ஆகிவிட்டிருந்தார். அதே மெக்கானிக்தான் அவருடைய ஸ்கூட்டரின் முன்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கருவி இருந்தது. அது கிடைத்ததைவிட, தோழிகளை வீணாகச் சந்தேகித்தோமே என்பதற்காகத்தான் அந்தப் பெண் அதிகம் அழுதார்.

அதன் பிறகுதான் இந்தக் கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பதைப் படிக்கத் தொடங்கினேன். அறிந்ததைச் சொல்கிறேன்; யாருக்காவது பயன்படும்.

ஜிபிஎஸ் என்பது கேட்கும் காது. பேசும் வாய் அல்ல. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைக் கணக்கிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த இருப்பிடத்தை வெளியே சொல்வது உள்ளே இருக்கும் சிம். எனவே கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் 'டிடெக்டர்' கருவிகள் பிடிக்கக்கூடியது, அந்த சிம் பேசும் தருணத்தை மட்டுமே. பெரும்பாலான கருவிகள் வண்டி நின்றதும் உறங்கிவிடும்; ஓடும்போதுதான் பேசும். நிறுத்திவைத்த வண்டியைச் சுற்றி டிடெக்டரோடு வலம் வந்துவிட்டு ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. அருகில் இருக்கும் நம் கைப்பேசிக்கும் அது ஒலி எழுப்பும் என்பதால், பொய்யான பயமும் சுலபமாகக் கிடைக்கும். டார்ச் விளக்கும், பொறுமையும், அந்த வண்டியின் வயரிங் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் அதைவிட மேல்.

தேட வேண்டிய இடங்கள் கருவியின் வகையைப் பொறுத்தவை. வண்டியின் மின்சாரத்திலேயே ஓடுபவை பேட்டரியின் முனைகளிலோ, ஃபியூஸ் பெட்டிக்கு அருகிலோ, டாஷ்போர்டின் பின்புறத்திலோ இணைக்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, சர்வீஸ் சென்டரில் கணினியை இணைக்கும் துளையில் செருகினாலே போதும் என்ற வகையும் உண்டு. கண்டுபிடிக்க எளிதானது அதுதான். ஆனால், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சொந்த பேட்டரியோடு வருபவை காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களின் மேல் வளைவு, பம்பரின் உட்புறம், வண்டியின் அடிப்பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, இருக்கைகளின் அடி ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். முழுக்க இரும்பால் மூடிய இடத்தில் சமிக்ஞை எட்டாது என்பதால், ஒளித்து வைப்பவர்களும் பிளாஸ்டிக்குக்கோ துணிக்கோ பின்னால்தான் வைப்பார்கள். தொழிற்சாலையில் போட்ட வயர்களின் மேலுறையும் இணைப்பும் ஒரே சீராக இருக்கும். இடையில் புதிய டேப், புதிய பிளாஸ்டிக் கட்டு, வேறு நிறத்தில் ஒரு வயர் தென்பட்டால் அங்கே கேள்வி கேட்கலாம்.

ஏர்டேக் போன்ற வில்லைகள் வேறு வகை. சாவிக்கொத்தைத் தொலைக்காமல் இருக்க 2021இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்தது அது. அதில் சிம்மும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. புளூடூத் வழியே தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும். அருகில் கடந்து செல்லும் யாரோ ஒருவரின் ஐபோன் அதைக் கேட்டு, இருக்குமிடத்தைச் சத்தமில்லாமல் உரிமையாளருக்குத் தெரிவித்துவிடும். அதாவது, முகம் தெரியாத வழிப்போக்கர்கள் அத்தனை பேரும், தாம் அறியாமலேயே ஒற்றர்கள். கூகுளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைக் கொண்டு இத்தகைய வலைப்பின்னலை 2024இல் தொடங்கியது. பெண்களைப் பின்தொடர இவை பயன்படுகின்றன என்ற புகார்கள் பெருகிய பிறகு இரு நிறுவனங்களும் ஒரு பொதுத் தரத்துக்கு உடன்பட்டன. 2024 மே மாதம் முதல், பிறருடைய வில்லை நம்முடன் தொடர்ந்து பயணம் செய்தால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே எச்சரிக்கை தருகின்றன. கைப்பேசியின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று நாமே தேடிப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால், இந்த எச்சரிக்கை வில்லைகளுக்கு மட்டும்தான். என் காரில் இருந்ததைப் போன்ற சிம் கருவியை எந்தக் கைப்பேசியும் காட்டிக்கொடுக்காது.

இணைய வசதியோடு வரும் புதிய கார்களில் ஒளித்து வைக்க எதுவும் தேவையில்லை, வண்டியே கருவிதான். பழைய உரிமையாளரின் கைப்பேசிச் செயலியில் அந்த வண்டி இன்னும் இருக்கிறதா என்பதை, அத்தகைய காரை இரண்டாம் கையாக வாங்குவோர் முதல் நாளிலேயே சரிபார்ப்பது நல்லது.

கண்டுபிடித்தவுடன் கோபத்தில் பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. கடன் நிறுவனங்கள் பொருத்தும் கருவிகள் சிலவற்றில், தொலைவிலிருந்தே வண்டி கிளம்பாதபடி தடுக்கும் ரிலே ஒன்றும் சேர்ந்திருக்கும். அரைகுறையாக அறுத்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கருவியின் மேல் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ எண்ணையும் சிம்மின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிம் எவர் பெயரில் வாங்கப்பட்டது என்பதைக் காவல்துறையால் கண்டறிய முடியும். இயந்திரங்களுக்கென்று தனியாகத் தரப்படும் 13 இலக்க எண் என்றால், வாங்கியது ஏதோ ஒரு நிறுவனம் என்பது தெளிவு. வன்முறைக்கு அஞ்சும் பெண்களுக்கு மட்டும் வரிசை வேறு. கருவி நின்றுபோனால், வைத்தவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். எனவே முதலில் பாதுகாப்பான இடமும் துணையும்; 181 உதவி எண்; பிறகுதான் கருவியில் கைவைப்பது.

நான் புகார் கொடுக்கச் சென்றபோது, எதிரில் இருந்த அலுவலர் மரியாதையோடு கேட்ட முதல் கேள்வி, "என்ன திருடு போச்சு சார்?" என்பது. எதுவும் திருடு போகவில்லை. வண்டியில் ஒன்று கூடுதலாக இருந்தது என்பதே புகார். எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வது என்ற அவருடைய குழப்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டப் புத்தகத்திலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது.

இத்தனைக்கும், ஒருவர் நடமாட்டத்தைப் பின்தொடர்வது சரியா என்ற கேள்வி நம் உச்சநீதிமன்றத்துக்குப் புதிதல்ல. கரக் சிங் என்பவரை உத்தரப் பிரதேசக் காவல்துறை இரவில் வீட்டுக்கு வந்து எழுப்பியும், அவர் போகும் இடமெல்லாம் குறித்துவைத்தும் கண்காணித்தது. 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், நள்ளிரவில் வீட்டுக்குள் வருவதைத் தடை செய்தார்கள். நடமாட்டத்தைக் கண்காணிப்பதை அனுமதித்தார்கள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சுப்பா ராவின் வாதம் இன்றும் படிக்கத்தக்கது. கால்கள் தடையின்றி நடப்பது மட்டும் சுதந்திரமல்ல. நிழல்போல் ஒருவர் தொடர்கிறார் என்ற உணர்வோடு நடப்பவனை எப்படிச் சுதந்திரமாக நடப்பவன் என்பது என்று அவர் கேட்டார். 1994இல் நம் தமிழகத்து வழக்கொன்றில், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கியது என்றது உச்சநீதிமன்றம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, 55 ஆண்டுகளுக்குப் பிறகு சுப்பா ராவ் வென்றார்.

அதன் தொடர்ச்சிதான் 2024 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் கைதான நைஜீரியர் ஒருவருக்குப் பிணை வழங்கிய டெல்லி உயர்நீதிமன்றம், கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை நீக்கியது. பிணையில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து பார்க்க வழிசெய்யும் எந்த நிபந்தனையும் 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்றது. கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவருக்கு நீதிமன்றமே விதிக்கக் கூடாத ஒன்று, கடனை அடைத்த ஒருவரின் வண்டியிலும், அதை வாங்கியவனின் வண்டியிலும் யாருடைய உத்தரவும் இல்லாமல் நடக்கிறது.

காரணம் எளிது. மேற்சொன்ன தீர்ப்புகளில் பெரும்பாலானவை அரசை நோக்கியவை. கணவனையோ, கடன் நிறுவனத்தையோ, தொழில் போட்டியாளரையோ நோக்கி இவற்றை நீட்ட முடிவதில்லை. அதற்குச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இயற்றும் சட்டம் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு பெண்களைப் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. ஆனால், விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், இணையம், மின்னஞ்சல் போன்ற மின்னணுத் தொடர்புகளை அவள் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும்தான் அதில் சொல்லப்பட்டவை. ஸ்கூட்டரின் மூடிக்குள் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவனை அந்தச் சொற்கள் நேராகத் தொடுவதில்லை. என் மாணவியின் கணவர் குறுஞ்செய்தி அனுப்பும் அளவுக்கு அகந்தை கொண்டவராக இருந்ததால் வழக்குக்கு வழி பிறந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால்?

2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பிப் பிரித்தேன். ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது மூன்றாவது பிரிவு. கணவர் அந்த வாசல் வழியாக வெளியேறிவிடுவார். பணியிடத் தேவைகளுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதலின்றியே கையாளலாம் என்கிறது ஏழாவது பிரிவு. முதலாளி அந்த வாசல் வழியாக வெளியேறுவார். கடன் நிறுவனத்துக்கு மட்டும் வாசல் அடைபட்டிருக்கிறது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்பது அதன் கடமை. ஆனால், 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

குடும்ப வழக்குகளில் இன்னொரு முடிச்சும் விழுந்திருக்கிறது. மனைவியின் கைப்பேசி அழைப்பு விவரங்களை ரகசியமாக எடுத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்த கணவரின் ஆவணங்களை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. வாழ்க்கைத் துணைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ஆனால், 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில், கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை மணவிலக்கு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்சநீதிமன்றம். நியாயமான விசாரணைக்கான உரிமை என்ற அடிப்படையில் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. எனினும், திருட்டுத்தனமாகத் திரட்டியது பயன்படும் என்று தெரிந்தால் திரட்டுவோர் பெருகுவர் என்பதைச் சொல்லப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் தேவையில்லை.

விலைதான் இங்கே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. ஒருவரை இரவும் பகலும் பின்தொடர முன்பு நான்கைந்து ஆள்களும் இரண்டு வண்டிகளும் வேண்டும். அந்தச் செலவே ஒரு சட்டம்போல் செயல்பட்டு, பெரிய காரணம் இல்லாமல் யாரையும் யாரும் பின்தொடராதபடி தடுத்தது. இன்று சில ஆயிரம் ரூபாய் போதும். அமெரிக்க உச்சநீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்த ஜோன்ஸ் வழக்கில், ஒரு ஜீப்பின் அடியில் காவல்துறை ஒட்டிய கருவி 28 நாள்களில் இரண்டாயிரம் பக்கத் தகவல்களைக் கொடுத்திருந்தது. அது சோதனை என்றே கருதப்படும் என்று ஒன்பது நீதிபதிகளும் முடிவு செய்தனர். செலவு குறைந்ததால் பழைய தடைகள் கரைந்துவிட்டன என்பதை அவர்களில் சிலர் தனியாகவே எடுத்துக்காட்டினர். 2022இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர மேயருடைய காரில், தனியார் துப்பறிவாளர் ஒருவர் வைத்த கருவி அகப்பட்டது. அங்கும் கண்டுபிடித்தவர் ஒரு மெக்கானிக்தான். அடுத்த ஆண்டே, பிறர் வாகனத்தில் அனுமதியின்றிக் கருவி வைப்பதை அந்த மாநிலம் குற்றமாக்கியது.

விலை குறைந்த ஆயுதம் அரசை நோக்கியும் திரும்பும். குஜராத்தில் கனிமவளத் துறை அதிகாரிகளின் அரசு வாகனங்களில், மணல் கடத்துவோர் கருவிகளை ஒளித்துவைத்த நிகழ்வுகள் வழக்குகளாகியுள்ளன. அதிகாரியின் ஜீப் எந்தத் திசையில் வருகிறது என்று தெரிந்தால் லாரியை மறுதிசையில் ஓட்டிவிடலாம். பாலாற்றுக் கரையில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பு எல்லாமே கூடாது என்பது என் வாதமல்ல. பயணிகள் வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரகாலப் பொத்தானும் வேண்டும் என்று 2016இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது நல்ல விதி. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகளுக்குக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வேன்களில் அது இருப்பது அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஆறுதல். நெடுஞ்சாலை 48இல் வாணியம்பாடி சுங்கச்சாவடியைக் கடக்கும்போது என் ஃபாஸ்டேகும் நேரத்தோடு பதிவாகிறது. அது எனக்குத் தெரியும், கண்ணாடியில் என் கையாலேயே ஒட்டியது. வேனின் பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு விதி இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார். டேப் சுற்றிய பெட்டிக்கு இவை மூன்றும் இல்லை.

எனவே நான் கேட்பது சிறியது, செய்யக்கூடியது. வண்டியின் மேல் கடன் இருந்தால் அதை ஆர்.சி.யில் எழுத வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவு. கடன் ஏறும்போது படிவம் 34, தீரும்போது படிவம் 35. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதே படிவங்களில் இன்னொரு கட்டம் சேர்க்கட்டும். கடன் கொடுப்பவர் கருவி பொருத்தியிருந்தால் அதன் எண்ணோடு படிவம் 34இல் அறிவிக்க வேண்டும். கடன் தீர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டதாகவும், சேர்த்த தரவை அழித்துவிட்டதாகவும் படிவம் 35இல் உறுதி தர வேண்டும். அப்படி அறிவிக்கப்படாத கருவி ஒரு வண்டியில் இருந்தால், வைத்தவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, கணவனோ முதலாளியோ, அது தனிக் குற்றமாக வேண்டும். முதல் பாதிக்கு மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினால் போதும். இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம் தேவை. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் தமிழக அரசும் முயலலாம்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்பார்கள். அதற்கு முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தோல் கழிவால் பாலாறு பாழானது குறித்த வேலூர் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளமானது. தன் செயலால் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியது ஆலையே. பாதிக்கப்பட்ட விவசாயி அல்ல என்றது அது. இந்த மண்ணில் அதன் பலன் எவ்வளவு தாமதமாக வந்தது என்பது வேறு கதை. 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனால், நெறி சரியானது. கருவியை வைத்தவரே அதற்கான காரணத்தைச் சொல்லட்டும். வண்டிக்கு அடியில் படுத்துத் தேடும் வேலை ஓட்டுபவருக்கு வேண்டாம்.

என் காரில் இருந்த பெட்டி இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. புகாருக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். சிம் யார் பெயரில் என்ற பதில் இன்னும் வரவில்லை. பேட்டரி அதன் பிறகு ஒருமுறைகூட இறங்கவில்லை. அந்த மெக்கானிக், பழைய வண்டி வாங்கி வருகிறவர்கள் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறாராம். சென்ற மாதம் மட்டும் இரண்டு பெட்டிகள் கிடைத்தன என்றார்.